"நியாயந்தீர்க்காதிருங்கள்" என்றால் வாயை மூடிக்கொள்வதா?

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 4

சபையில் எதைக் கேட்டாலும் மத்தேயு 7:1-ஐ எடுத்து நீட்டுகிறார்கள். கணக்கு கேட்டால் "நியாயந்தீர்க்காதே". போதகர் மேடையில் ஒருவரைப் பெயர் சொல்லாமல் குத்திப் பேசினாரே என்றால் "தேவனை நம்பு, அவர் பார்த்துக்கொள்வார்". இந்த இரண்டு வாக்கியங்களை வைத்து எதை வேண்டுமானாலும் மூடிவிடலாம் போலிருக்கிறது. நம்புவது என்றால் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு இருப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

முதல் வசனத்தோடு நிறுத்துகிறவர்களிடம் அந்த அதிகாரத்தை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வசனத்தில் இயேசு, உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை முன்பு எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார். துரும்பை எடுக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எது முதலில், எது பிறகு என்றுதான் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே முத்துக்களைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள் என்று வருகிறது. எது பன்றி என்று பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு எப்படிக் கீழ்ப்படிவது? 15-ஆம் வசனம் கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறது. கனிகளினாலே அறிவீர்கள் என்று வழியும் சொல்லித் தருகிறது. பார்க்காதே, யோசிக்காதே என்ற போதனை அந்த அதிகாரத்தில் எங்கேயும் இல்லை.

இன்னொன்று. மாற்கு 6:3-இல் ஊரார் இயேசுவைத் தச்சன் என்றே சொல்கிறார்கள். கண்ணுக்குள் உத்திரக் கட்டை என்பது பட்டறையில் நின்றவர் அடித்த ஜோக். நாம் அதைச் சோகமான குரலில் வாசித்து வாசித்து அதன் சிரிப்பைத் தொலைத்துவிட்டோம்.

பிப்ரவரி 5

"அப்படியானால் எதைத்தான் செய்யக்கூடாது?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

"நீ செய்தது தப்பு" என்பது ஒன்று. "நீ இப்படிப்பட்ட ஆள்தான், உன்னை எனக்குத் தெரியாதா, நீ தேறவே மாட்டாய்" என்பது வேறொன்று. இரண்டாவதில் ஒருவனுடைய உள்ளத்தையும் அவன் முடிவையும் சேர்த்து நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ரோமர் 14:4 அங்கேதான் கையைப் பிடிக்கிறது: "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" அதோடு விடாமல், அவன் நிலைநிறுத்தப்படுவான், தேவன் அவனை நிலைநிறுத்த வல்லவர் என்று அதை எழுதிய பவுல் முடிக்கிறார். அந்தப் பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. "அவனை விட்டுவிடு" என்பதோடு நின்றிருந்தால் அது வெறும் நாகரிகம். "தேவனுக்கு அவனை நிறுத்தத் தெரியும்" என்கிறபோது அது விசுவாசம்.

பிப்ரவரி 5, சற்று பிறகு

மேலே எழுதியதற்கு ஒரு வேலி போட வேண்டும். ரோமர் 14-இல் பவுல் பேசுவது எதைச் சாப்பிடலாம், எந்த நாளை விசேஷமாக எண்ணலாம் என்பதைப் பற்றி. திருட்டையோ கொடுமையையோ பற்றி அல்ல. சபைப் பணத்தைக் கையாடியவர் "நீ யார்?" என்று இந்த வசனத்தை எடுத்தால், "ஐயா, அது காய்கறி விவகாரம்" என்று தாராளமாகச் சொல்லலாம். (பலவீனன் மரக்கறிகளைப் புசிக்கிறான் என்று இரண்டாம் வசனத்திலேயே இருக்கிறது.)

பிப்ரவரி 7

என் சொந்தக் கதை ஒன்று. எனக்கு வேலை போய் நீண்ட நாள் ஆகியும் எதுவும் கிடைக்காத காலம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபிக்கக் கேட்டேன். ஒரு மூத்த சகோதரர் தொடங்கினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தில் அறிக்கை செய்யப்படாத பாவம் ஏதாவது இருந்தால் அதை நீரே வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்" என்றார். அறை முழுக்க "ஆமென்". நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எனக்கு நேர் எதிரே இன்னொருவரும் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று மூடிக்கொண்டார்.

ஜெபத்துக்கு யார் மறுப்பு சொல்ல முடியும்? அதில் குறுக்கு விசாரணைக்கே இடமில்லை.

அந்த வாரம் யோபு புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். நீதிமானாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டது. அவர்கள் சொன்னது முட்டாள்தனமாகவும் இல்லை: தேவன் நீதியுள்ளவர், நீதிமான் காரணமில்லாமல் அடிபடமாட்டான், ஆகையால் யோபுவே, எதையோ மறைக்கிறாய். கணக்கு நேராக இருக்கிறது. கடைசியில் தேவன், நீங்கள் என்னைக்குறித்து யோபு பேசினதுபோல் சரியாகப் பேசவில்லை என்கிறார் (42:7). தேவனுக்காக வக்கீல் வேலை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது கண்டனம். தேவனிடமே நேருக்கு நேர் சண்டை போட்ட மனிதனுக்கு நற்சாட்சி.

அவர்கள் ஏன் அப்படி விடாப்பிடியாக நின்றார்கள்? யோபு குற்றமற்றவன் என்று ஒத்துக்கொண்டால், நாளைக்கு அது தங்களுக்கும் வரலாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் ஏதோ செய்திருக்கிறான் என்றால் நிம்மதி. நாம் அதைச் செய்யவில்லையே! என் வேலை போனதைப் பார்த்து பயந்தவர்களில் அந்தச் சகோதரரும் ஒருவர் என்று இன்றைக்கு நினைக்கிறேன். நியாயந்தீர்ப்பதில் பெரும்பகுதி ஆணவம் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எனக்கென்னவோ அதில் பாதிக்கு மேல் பயம் என்றுதான் படுகிறது. காரணம் தெரியாத துன்பத்தைத் தேவன் கையில் விட்டுவைக்க முடியாதபோது, யார் தலையிலாவது காரணத்தைக் கட்டிவிட்டால்தான் தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 7, இரவு

சீலோவாம் கோபுரம் விட்டுப்போயிற்று. லூக்கா 13. கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா? இல்லை என்று இயேசு முடித்துவிடுகிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 8

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வரும் செய்திகளைப் பற்றி ஒரு சகோதரி எழுதியிருந்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், ஜெபிக்கத்தான் சொல்கிறேன்" என்று தொடங்கினாலே கூர்ந்து கேட்கிறோம். ஜெபிக்க இவ்வளவு விவரம் தேவையா? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான் என்பதெல்லாம் ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும்.

பிப்ரவரி 10

நம்பிக்கைக்கும் நியாயந்தீர்ப்புக்கும் நான் முடிச்சுப் போடுவது வலிந்து சொல்வதாகத் தோன்றுகிறது என்று ஒரு நண்பர். லூக்கா 18:9-ஐப் பாருங்கள். மதக் கட்டளைகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனும், ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவனான ஆயக்காரனும் ஜெபிக்கப்போன உவமைக்கு முன்னுரை அது. தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாயெண்ணின சிலரைக்குறித்து அந்த உவமையைச் சொன்னார் என்று இருக்கிறது. முடிச்சு லூக்கா போட்டது. நம்பிக்கை தன்மேல் இருந்தால், அது சரியாமல் இருக்க நமக்குக் கீழே யாராவது வேண்டும். "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று பரிசேயன் சொல்வதைக் கவனியுங்கள். ஆயக்காரன் அன்றைக்குக் கோயிலுக்கு வராமல் போயிருந்தால் பரிசேயனின் ஜெபம் பாதியில் நின்றிருக்கும்.

வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், சம்பாதித்ததிலெல்லாம் தசமபாகம். அவன் பொய் சொல்லவில்லை. நம் சபைக்கு அப்படி ஒருவர் வந்தால் அடுத்த தேர்தலில் பொருளாளர் ஆக்கிவிடுவோம்.

பிப்ரவரி 11

இப்போது கணக்கு விஷயம். நாலு பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள்.

2 கொரிந்தியர் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பல சபைகளில் பவுல் பணம் சேர்க்கிறார். பெரிய தொகை. அதைத் தனியாகக் கொண்டுபோகிறேன் என்று அவர் சொல்லவில்லை. தீத்துவோடு கூட வேறு சகோதரரையும் அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். ஏன்? இந்தத் தர்மப்பணத்தைப் பற்றி யாரும் எங்களைக் குற்றப்படுத்தக்கூடாது என்று எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்கிறார் (20, 21). அப்போஸ்தலனே "என்னை நம்பு, கேள்வி கேட்காதே" என்று சொல்லவில்லை. கேள்வி வருவதற்கு முன்பே பதிலோடு ஆள் அனுப்பினார். கணக்கு கேட்பது நியாயந்தீர்ப்பு என்று சொல்கிறவர் பவுலைவிடப் பெரிய ஊழியராக இருக்க வேண்டும்.

மூப்பர்மேல் குற்றச்சாட்டு வந்தால் 1 தீமோத்தேயு 5:19, 20. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்றுக்கொள்ளாதே. பாவம் செய்திருந்தால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். முதல் பாதியை மட்டும் தலைவர்களும், இரண்டாம் பாதியை மட்டும் கோபக்காரர்களும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஒருவரையொருவர் புண்படுத்திய சங்கதி என்றால் மத்தேயு 18:15 போதும்: அவனும் நீயும் தனித்திருக்கையில் போய்ப் பேசு. ஆனால் பிள்ளைகளையோ பெண்களையோ யாராவது துன்புறுத்தினால் அதைச் சபைக்குள்ளேயே "சமரசம்" பண்ண வசனம் தேடாதீர்கள். போலீசுக்குப் போங்கள். தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தேவனுடைய ஊழியக்காரன் என்று ரோமர் 13:4 சொல்கிறது. "தேவன் பார்த்துக்கொள்வார்" என்பதற்கு அவர் வைத்திருக்கிற வழிகளில் அதுவும் ஒன்று.

பிப்ரவரி 13

கொஞ்சம் திசைமாறிப் போகலாம். எகிப்தின் பாலைவனத் துறவிகள் இந்த விஷயத்தில் நம்மைவிட நிறைய அடிபட்டவர்கள். நான்காம் நூற்றாண்டில் ஸ்கேத்தே பாலைவனத்தில் மோசே என்று ஒரு துறவி இருந்தார், ஒருகாலத்தில் கொள்ளைக்காரர். ஒரு சகோதரன் குற்றம் செய்துவிட்டான், விசாரிக்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போக மறுத்தார். திரும்ப ஆள் அனுப்பினார்கள். ஓட்டைச் சாடியில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன இது என்று கேட்டார்கள். "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, அவை என் கண்ணில் படவில்லை; இன்றைக்கு நான் இன்னொருவன் பாவத்தை விசாரிக்க வந்திருக்கிறேன்" என்றார். அந்தச் சகோதரனை மன்னித்து விட்டுவிட்டார்கள்.

தேபேயரான ஈசாக்கு என்ற துறவியின் கதை இன்னும் காரமானது. ஒரு மடத்துக்குப் போனவர், அங்கே ஒரு சகோதரனைக் குற்றவாளியென்று தீர்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். வாசலில் தேவதூதன் வழிமறித்து நின்றான். "நீ தீர்ப்புச் சொன்ன அந்தக் குற்றவாளியை எங்கே போடட்டும் என்று கேட்டு வரச்சொல்லித் தேவன் அனுப்பினார்" என்றான். தீர்ப்புச் சொல்வது சுலபம். தண்டனையை நிறைவேற்றுகிற இடத்தையும் நீயே சொல் என்று எழுதுகோலை நீட்டினால் கை நடுங்கும்.

பிப்ரவரி 13, இரவு

காசாவின் தொரொத்தேயு என்ற துறவி (ஆறாம் நூற்றாண்டு) சொன்னதையும் எழுதாமல் விட மனசில்லை. அடிமைகளை ஏற்றி வந்த கப்பலில் இரண்டு சின்னப் பெண்குழந்தைகள். ஒருத்தியைப் பக்தியுள்ள ஒரு பெண் வாங்கித் தேவபயத்தில் வளர்த்தாள். மற்றவளைக் கூத்தாடிக் கூட்டம் வாங்கிக் கெட்ட வழியில் பழக்கியது. பிற்காலத்தில் இருவரும் ஒரே தப்பைச் செய்தால், தேவன் இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பாரா? இது தொரொத்தேயுவின் கேள்வி. யார் எந்தப் படியில் பிறந்தார்கள், எவ்வளவு போராடிவிட்டு விழுந்தார்கள் என்பது தேவனுக்கு மட்டுமே தெரியும் என்கிறார். ஒருவன் விழுந்ததைப் பார்த்த நமக்கு, விழுவதற்கு முன்னால் அவன் எத்தனைமுறை தாங்கிப்பிடித்து நின்றான் என்பது தெரியாது.

எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் உதவியது இந்த ஒரு பத்திதான்.

பிப்ரவரி 15

களைகளின் உவமையை ஒருவர் எடுத்திருக்கிறார். கோதுமை நிலத்தில் சத்துரு களை விதைத்துவிடுகிறான்; பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்க, எஜமான் சொல்கிறான்: இரண்டையும் அறுப்புமட்டும் வளரவிடுங்கள் (மத்தேயு 13:30). அதற்கு ஒரு பழைய சண்டையும் உண்டு. கி.பி. 303-இல் ரோமப் பேரரசன் தியோக்கிளேத்தியன் காலத்து உபத்திரவம் தொடங்கியபோது, வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்ட ஆயர்கள் இருந்தார்கள். உபத்திரவம் ஓய்ந்த பிறகு வட ஆப்பிரிக்காவில் கேள்வி கிளம்பியது: அப்படிப்பட்டவர் கைவைத்து ஒருவரை ஆயராக்கினால் அந்த அபிஷேகம் செல்லுமா? செல்லாது என்றவர்கள் தொனாத்திஸ்டுகள். 314-இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தும் அடங்கவில்லை. நூறு வருஷத்துக்கு அப்புறம் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் இந்த உவமையைத்தான் முன்வைத்தார்: சபையில் கோதுமையும் களையும் சேர்ந்தே நிற்கும், அறுக்கிறது நம் வேலை அல்ல.

பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பை அப்படியே நம்பி யாரும் பிரசங்கம் தயாரித்துவிடாதீர்கள். தொனாத்திஸ்டுகளிடம் நல்ல பதில் இருந்தது. இயேசுவே உவமையை விளக்கும்போது "நிலம் உலகம்" என்கிறார் (13:38). சபை என்று சொல்லவில்லையே! 411-இல் கர்த்தேஜில் நடந்த பெரிய விவாதத்தில் அவர்கள் இதைச் சொன்னார்கள். வசனப்படி பார்த்தால் கை அவர்கள் பக்கம்தான் ஓங்குகிறது. இன்னொரு வேடிக்கை, களையைப் பிடுங்காதே என்ற அகஸ்டினே பிற்பாடு, "உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்ற லூக்கா 14:23-ஐக் காட்டி, அரசு வற்புறுத்தி அவர்களைச் சபைக்குள் கொண்டுவருவதை ஆதரித்தார். காத்திருப்பதைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதியவருக்கே காத்திருப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது.

பிப்ரவரி 18

சீமேயி என்பவன் கல்லெறிந்து தூஷித்தபோது தாவீது ராஜா பொறுத்துப்போனதை (2 சாமுவேல் 16) நம்பிக்கைக்கு உதாரணமாகத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். தாவீதின் வீரன் அபிசாய் அவன் தலையை வாங்கிவிடுகிறேன் என்கிறான், தாவீது தடுக்கிறான். உண்மையிலேயே நல்ல இடம். ஆனால் தம்பி, 1 இராஜாக்கள் 2:8, 9 வரைக்கும் வாசித்துவிட்டு வாங்க. சாகப்போகிற நேரத்தில் அதே தாவீது மகன் சாலொமோனைக் கூப்பிட்டு, நான் அவனைக் கொல்லமாட்டேன் என்று ஆணையிட்டிருக்கிறேன், நீ விட்டுவிடாதே என்கிறான். பெயர் உட்பட எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. தேவன் கையில் கொடுத்ததைத் திரும்பி வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போனான். வேதம் அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

பிப்ரவரி 20

"அந்த ஜெபக்கூட்டத்துக்கு அப்புறம் என்ன ஆனது?" என்று கேட்டவருக்கு.

எனக்கு வேலை கிடைத்தது, அதுவல்ல விஷயம். ரொம்ப நாள் இரவுகளில் படுத்துக்கொண்டு அந்தச் சகோதரர்மேல் வழக்கு நடத்துவேன். அவர் என்ன சொல்வார் என்பதையும் நானே எழுதி, அதற்குச் சரியான பதிலையும் நானே கொடுப்பேன். எல்லா வழக்கிலும் நான்தான் ஜெயித்தேன். காலையில் எழுந்தால் மறுபடி முதல் விசாரணை.

1 பேதுரு 2:23-இல் இயேசுவைப் பற்றி, வையப்படும்போது பதில் வையாமல், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார் என்று இருக்கிறது. தீர்ப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தீர்ப்பு வரும், சரியாக வரும், சொல்கிறவர் வேறொருவர். இதைப் புரிந்துகொண்ட அன்றே எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒப்புவித்தேன், திரும்பப் பிடுங்கினேன், மறுபடி ஒப்புவித்தேன். வழக்கு நடக்கும் இரவுகள் குறைந்தன. இப்போது அவரோடு பேசுகிறேன், கைகுலுக்குகிறேன். அவர் ஜெபிக்க எழுந்தால் மட்டும் இன்னும் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 20, பிறகு

"நான் மற்றவர்களைத் தீர்ப்பதில்லை, என்னை நானேதான் கிழிக்கிறேன்" என்று எழுதிய சகோதரிக்கு: 1 கொரிந்தியர் 4:3-இல் பவுல், நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை என்கிறார். அந்த நாற்காலியில் உங்களுக்கும் இடமில்லை. 1 யோவான் 3:20-ஐயும் பாருங்கள்: நம் இருதயமே நம்மைக் குற்றவாளியென்று தீர்த்தாலும், தேவன் அந்த இருதயத்தைவிடப் பெரியவர்.

பிப்ரவரி 23

கடைசியாக வந்த கேள்வி: எதிரிக்கு விரோதமான சங்கீதங்களை ஜெபிக்கலாமா, அது நியாயந்தீர்ப்பு ஆகாதா?

சங்கீதம் 109-ஐ வாசித்திருக்கிறீர்களா? அவன் நாட்கள் கொஞ்சமாகட்டும், அவன் மனைவி விதவையாகட்டும், பிள்ளைகள் பிச்சையெடுக்கட்டும் என்று போகிறது. காலைக் குடும்ப ஜெபத்தில் இதைச் சத்தமாக வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆனால் சங்கீதக்காரன் இதை யாரிடம் சொல்கிறான் என்று கவனியுங்கள். அவன் கத்தி எடுக்கவில்லை, ஊரில் பரப்பவில்லை. மனசில் இருக்கிற விஷத்தை முழுசாகத் தேவனுடைய சந்நிதியில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். எதை நிறைவேற்றுவது, எதைத் தள்ளுவது என்பது இனி கேட்டவர் பாடு. இதை மரியாதைக்குறைவு என்று நினைத்து, அவருக்கு முன்னால் மட்டும் "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று மென்மையாக ஜெபித்துவிட்டு, மீதியை வாட்ஸ்அப் குழுவில் கொட்டுகிறோம்.

ஆகவே ஜெபியுங்கள். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. அந்த ஆளின் பெயரைச் சொல்லியே ஜெபிக்கலாம், அங்கே யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க மாட்டார்கள்.